ஊசி இல்லாமல் தோல் வழியே மருந்து: காதுக்கு கேட்காத சத்தம் செய்யும் வேலை! இன்சுலினை நிறுத்தலாமா? டாக்டர்கள் எச்சரிக்கை

புதுச்சேரி:-

மூட்டு வலி, தோள்பட்டை வலி, குதிகால் வலி என்று பிசியோதெரபி அறைக்கு போனவர்களுக்கு அந்த சின்ன மிஷின் நன்றாகவே தெரிந்திருக்கும். குளுகுளுவென்று ஒரு ஜெல்லை தடவுவார்கள். டார்ச் லைட் மாதிரி இருக்கும் ஒரு கருவியின் தலையை வலிக்கிற இடத்தில் வைத்து வட்ட வட்டமாக தேய்ப்பார்கள். 5 நிமிடம், 10 நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் "கரண்ட் வெச்சுட்டு வந்தேன்" என்று சொல்வதுதான் புதுவை மக்களின் வழக்கம். ஆனால் அது கரண்ட் அல்ல. சத்தம்! காதுக்கு கேட்காத சத்தம். அல்ட்ரா சவுண்ட் என்று சொல்லப்படும் மீயொலி.

சில நேரம் வெறும் ஜெல்லுக்கு பதிலாக வலி மருந்து கலந்த ஜெல்லை தடவி இந்த மிஷினை ஓட்டுவார்கள். மருந்தை சத்தத்தால் தோலுக்குள் தள்ளும் இந்த முறைக்கு போனோபோரசிஸ் என்று பெயர். ஊசி கிடையாது, ரத்தம் கிடையாது, மாத்திரை விழுங்கி வயிறு எரியும் தொல்லையும் இல்லை.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் எது உண்மை, எது மிகைப்படுத்தல்? "இதே முறையில் இன்சுலினும் ஏத்தலாமாம், இனிமே ஊசி வேணாமாம்" என்று பேசிக்கொள்கிறார்களே, அதை நம்பலாமா?

4 பேரில் ஒருவருக்கு சர்க்கரை

இந்த கேள்வி புதுவைக்கு மிக முக்கியம். காரணம் இருக்கிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவு 2023-ம் ஆண்டு ஜூன் மாதம் வெளியானது. நாட்டில் சுமார் 10 கோடி பேருக்கு சர்க்கரை நோய் இருப்பதாக அதில் கணக்கிடப்பட்டது. மாநில வாரியாக பார்த்தால் கோவா 26.4 சதவீதத்துடன் முதல் இடம். புதுச்சேரி 26.3 சதவீதத்துடன் 2-வது இடம். கேரளா 25.5 சதவீதம்.

அதாவது புதுவையில் பெரியவர்களில் ஏறத்தாழ 4 பேருக்கு ஒருவர் சர்க்கரை நோயாளி. இவர்களில் பலர் தினமும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறார்கள். ஊசிக்கு பயந்து வேளை தவறுகிறவர்களும் உண்டு. "ஊசி இல்லாத இன்சுலின்" என்று யாராவது சொன்னால் இவர்களுக்கு ஆசை வருவது இயற்கைதான். அந்த ஆசையே உயிருக்கு உலை வைத்துவிடக்கூடாது என்பதால்தான் விஷயத்தை முழுசாக தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இது பற்றிய விவரம் வருமாறு:-

பிரெஞ்சுக்காரர்கள் கண்டுபிடித்தது

மனிதனின் காது ஒரு வினாடிக்கு 20 அதிர்வு முதல் 20 ஆயிரம் அதிர்வு வரை உள்ள சத்தத்தைத்தான் கேட்கும். அதற்கு மேல் போனால் சத்தம் இருக்கும், நமக்கு கேட்காது. வவ்வால் இருட்டில் முட்டாமல் பறப்பது இந்த கேட்காத சத்தத்தை வைத்துத்தான்.

இந்த சத்தத்தை மனிதன் உண்டாக்க கற்றுக்கொண்டதில் பிரெஞ்சு விஞ்ஞானிகளின் பங்கு பெரியது. 1880-ம் ஆண்டு ழாக் கியூரி, பியர் கியூரி என்ற சகோதரர்கள் ஒரு விஷயத்தை கண்டுபிடித்தனர். குவார்ட்ஸ் போன்ற சில படிகக்கற்களை அழுத்தினால் மின்சாரம் வருகிறது என்பதுதான் அது. அதையே திருப்பிப்போட்டு, கல்லுக்கு மின்சாரம் கொடுத்தால் கல் அதிர்கிறது என்பதும் பிறகு தெரியவந்தது. இந்த பியர் கியூரிதான் ரேடியத்தை கண்டுபிடித்த மேரி கியூரியின் கணவர்.

முதல் உலகப்போர் நேரத்தில் கடலுக்கு அடியில் வரும் நீர்மூழ்கி கப்பலை கண்டுபிடிக்க பால் லாஞ்சவன் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி இந்த படிகக்கல் அதிர்வை பயன்படுத்தினார். தண்ணீருக்குள் கேட்காத சத்தத்தை அனுப்பினார். அப்போது அந்த சத்தத்தின் குறுக்கே வந்த மீன்கள் செத்து மிதந்தன. கேட்காத சத்தத்துக்கு உடம்புக்குள் மாற்றம் செய்யும் சக்தி இருக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

பிரெஞ்சு ஆட்சி நடந்த புதுவைக்கும் மருத்துவ படிப்புக்கும் பழைய தொடர்பு உண்டு. 1823-ம் ஆண்டு பிரெஞ்சுக்காரர்கள் இங்கே மருத்துவப்பள்ளி தொடங்கினார்கள். அதன் தொடர்ச்சியாக 1956-ல் தன்வந்திரி மருத்துவக்கல்லூரி வந்தது. அதுவே 1964-ல் இன்றைய ஜிப்மர் ஆனது. கோரிமேடு பகுதியில் உள்ள அன்னை தெரசா சுகாதார அறிவியல் நிறுவனத்தில் பிசியோதெரபி பட்டப்படிப்பும் சொல்லித்தரப்படுகிறது.

இன்றைக்கு பிசியோதெரபி மிஷினின் தலைக்குள் இருப்பதும் கியூரி சகோதரர்கள் கண்ட அதே தத்துவத்தில் அதிரும் சின்ன வில்லைதான்.

தோல் என்னும் கோட்டை மதில்

தோலில் மருந்தை தடவினால் தானாக உள்ளே போகாதா? எல்லா மருந்தும் போகாது. போகவும் கூடாது. தோல் என்பது உடம்புக்கு கோட்டை மதில் மாதிரி. கண்டதெல்லாம் உள்ளே போனால் மழையில் நனைந்தாலே ஆபத்தாகிவிடும்.

தோலின் மேல்பக்கம் செத்துப்போன செல்களால் ஆன ஒரு மெல்லிய அடுக்கு இருக்கிறது. உடம்பின் பெரும்பாலான இடங்களில் அதன் தடிமன் ஒரு மில்லி மீட்டரில் நூறில் ஒன்று முதல் இரண்டு பங்குதான். தலைமுடியை விட மெல்லியது. உள்ளங்கையிலும் பாதத்திலும் மட்டும் தடிப்பாக இருக்கும்.

மெல்லியதுதான், ஆனால் மகா கெட்டி. செங்கல் அடுக்கி நடுவில் சிமெண்ட் கலவை பூசியது போல, செத்த செல்கள் அடுக்கடுக்காக இருக்க, நடுவில் கொழுப்பு பூசியிருக்கும். கொத்தனாருக்கு சொல்லித்தர வேண்டாத கட்டுமானம் இது. தண்ணீர் ஒழுகாது, கிருமி நுழையாது.

இந்த சுவரில் நுழைய வேண்டும் என்றால் மருந்தின் மூலக்கூறு சின்னதாக இருக்க வேண்டும். மூலக்கூறு எடை 500-க்கு மேல் போனால் நல்ல தோலில் புகுவது கஷ்டம் என்பது மருத்துவ உலகில் பொதுவாக சொல்லப்படும் கணக்கு.

சிகரெட்டை விடுவதற்கு ஒட்டும் பட்டையில் இருக்கும் நிகோட்டினின் எடை 162. அது சுலபமாக நுழைந்துவிடும். மரத்துப்போக தடவும் லிடோகெய்ன் 234. வலிக்கு தடவும் டைக்ளோபினாக் 296. வீக்கத்துக்கான ஹைட்ரோகார்டிசோன் 362. இவை கொஞ்சம் கொஞ்சமாகவாவது உள்ளே போகும்.

இன்சுலினின் எடை எவ்வளவு தெரியுமா? சுமார் 5 ஆயிரத்து 800! சைக்கிள் போகிற சந்தில் லாரியை விடுகிற கதைதான். இன்சுலினை கையில் எவ்வளவு தடவி தேய்த்தாலும் ரத்தத்தில் சர்க்கரை குறையாமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

சத்தம் எப்படி வழி திறக்கிறது?

இந்த மதிலில் தற்காலிகமாக வழி உண்டாக்குவதுதான் மீயொலியின் வேலை. அது 3 விதமாக நடக்கிறது.

முதலாவது சூடு. அதிர்வு பட்ட இடத்தில் தோலும் சதையும் லேசாக சூடாகும். அந்த இடத்தில் ரத்த ஓட்டம் கூடும். செல்களுக்கு நடுவே உள்ள கொழுப்பு இளகும்.

இரண்டாவது தள்ளுதல். சத்த அலை ஜெல்லில் உள்ள திரவத்தை ஒரு திசையில் மெல்ல நகர்த்தும்.

மூன்றாவதுதான் பெரிய ஆள்: குமிழி. சத்த அலை திரவத்தை அழுத்தி அழுத்தி இழுக்கும்போது கண்ணுக்கு தெரியாத குமிழிகள் உண்டாகும். அவை ஊதி பெருத்து பட்டென்று உடையும். தோலை ஒட்டி உடையும்போது அந்த சின்ன அடியில் கொழுப்பு பூச்சு கலைந்து, மருந்து நுழைய நூல் போல வழி கிடைக்கும்.

இங்கேதான் ஒரு முக்கிய வித்தியாசம் இருக்கிறது. குமிழி பெருசாக நேரம் வேண்டும். வினாடிக்கு 20 ஆயிரம் முறை அதிரும் சத்தத்தில் குமிழிக்கு நேரம் கிடைக்கிறது. பிசியோதெரபி மிஷின்களோ வினாடிக்கு 10 லட்சம் அல்லது 30 லட்சம் முறை அதிருபவை. அதில் குமிழிக்கு பெருக்க நேரமே இல்லை. தோலில் வழி திறப்பதில் தாழ்ந்த அதிர்வு சத்தம், பிசியோதெரபி சத்தத்தை விட ஆயிரம் மடங்கு வரை பலம் வாய்ந்தது என்று 1996-ல் வெளியான ஆராய்ச்சி கூறியது.

ஆகவே கிளினிக்கில் இருக்கும் மிஷினும், ஆராய்ச்சி கூடத்தில் இன்சுலின் ஏற்ற முயன்ற மிஷினும் ஒன்றல்ல. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

பிசியோதெரபி அறையில் நடப்பது என்ன?

வலி மருந்தை மீயொலியால் ஏற்றும் வழக்கம் 1954-ம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. ஐரோப்பாவில் பெல்லிங்கர், ஷ்மிட் என்ற 2 டாக்டர்கள், கைவிரல் மூட்டு வீங்கிய நோயாளிகளுக்கு ஹைட்ரோகார்டிசோன் களிம்பை தடவி அதன் மேல் மீயொலி கொடுத்தனர். அதன் பிறகு உலகம் முழுவதும் பரவியது.

இன்று பெரும்பாலும் டைக்ளோபினாக் போன்ற வலி ஜெல் பயன்படுத்தப்படுகிறது. 10 லட்சம் அதிர்வு உள்ள அலை 3 முதல் 5 சென்டி மீட்டர் ஆழம் வரை போகும். முதுகு, தொடை, தோள்பட்டைக்கு அது. 30 லட்சம் அதிர்வு உள்ள அலை ஒன்று, இரண்டு சென்டி மீட்டரோடு நின்றுவிடும். விரல், மணிக்கட்டு, முழங்கைக்கு அது.

ஜெல் எதற்கு? சத்த அலை காற்றை தாண்டாது. மிஷின் தலைக்கும் தோலுக்கும் நடுவே முடியளவு காற்று இருந்தாலும் அலை திரும்பி போய்விடும். அந்த இடைவெளியை அடைப்பதுதான் ஜெல்லின் முதல் வேலை.

அதனால் எல்லா களிம்பும் இதற்கு ஆகாது. 1992-ல் அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனையில், வழக்கமாக பயன்படுத்தும் களிம்புகளை வைத்து எதன் வழியாக எவ்வளவு சத்தம் போகிறது என்று அளந்து பார்த்தார்கள். கண்ணாடி போன்ற ஜெல் வகைகளில் சத்தம் நன்றாக போனது. வெள்ளையாக, கெட்டியாக இருந்த களிம்புகள் பலவற்றில் சத்தம் போகவே இல்லை. மிஷின் ஓடும், நேரமும் போகும், நோயாளிக்கு பலன் பூஜ்யம்!

மெடிக்கலில் வாங்கிய ஏதோ ஒரு களிம்பை எடுத்துப்போய் "இதை வெச்சு தேய்ங்க" என்று கேட்பது அதனால்தான் வீண்.

இன்னொன்று. மிஷினின் தலையை ஒரே இடத்தில் நிறுத்தி வைக்கக்கூடாது. நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் அந்த இடம் சூடேறி எலும்பின் மேல் சுருக்கென்று வலிக்கும். லேசான வெதுவெதுப்பு சரி. சுட்டாலோ, குத்தினாலோ உடனே வாய் திறந்து சொல்ல வேண்டும். "டாக்டர் செய்யறார், பொறுத்துக்கலாம்" என்று பல்லை கடித்துக்கொண்டு இருக்கக்கூடாது.

பலன் உண்டா, இல்லையா?

காசு கொடுக்கிறவர் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். மீன்பிடி வலை இழுத்து தோள்பட்டை பிடித்துப்போனவர், நாள் முழுக்க நின்று வேலை செய்து குதிகால் வலி வந்தவர், சித்தாள் வேலையில் முதுகு போனவர் என்று வருகிறவர்களில் பலர் தினக்கூலிகள். சிகிச்சைக்கு வரும் ஒவ்வொரு நாளும் அவர்களுக்கு பாதி நாள் கூலி போகிறது. பத்து நாள் வரச்சொன்னால் பத்து நாள் கணக்கு.

உள்ளதை உள்ளபடி சொன்னால், ஆராய்ச்சி முடிவுகள் கலவையாக இருக்கின்றன. முழங்கால் தேய்மானம் போன்ற சிலவற்றில் வலி குறைந்ததாக சில ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால் மருந்து ஜெல்லோடு மீயொலி கொடுத்தவர்களுக்கும், வெறும் ஜெல்லோடு மீயொலி கொடுத்தவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று வேறு பல ஆய்வுகள் கூறுகின்றன.

எனவே இது மாய மருந்து அல்ல. வலியை தணித்து, கை காலை அசைக்க வழி செய்யும் ஒரு துணை சிகிச்சை. அந்த நேரத்தில் பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் உடற்பயிற்சிதான் முக்கியமானது. உறைந்துபோன தோள்பட்டைக்கும், முதுகு வலிக்கும் வீட்டில் தினமும் செய்யும் பயிற்சிக்கு காசு கிடையாது. மிஷின் வைத்துவிட்டு பயிற்சியை விட்டுவிட்டால், வலி திரும்பவும் வந்து நிற்கும்.

சில நாள் போயும் கொஞ்சமும் குறையவில்லை என்றால், "இதையே தொடரணுமா, வேற என்ன செய்யலாம்" என்று கேட்பது நோயாளியின் உரிமை. ராத்திரியில் தூங்க விடாத வலி, காய்ச்சலோடு வலி, உடம்பு இளைத்துக்கொண்டே போவது, கால் மரத்துப்போவது, சிறுநீர் அடக்க முடியாமல் போவது ஆகியவை இருந்தால் மிஷினை நம்பி காலம் கடத்தாமல் டாக்டரை பார்க்க வேண்டும்.

இன்சுலின் கதை

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

1991-ம் ஆண்டு ஜப்பானை சேர்ந்த தச்சிபானா என்ற ஆராய்ச்சியாளர்கள், முடி இல்லாத எலிகளின் தோல் வழியே மீயொலியால் இன்சுலினை ஏற்றி, ரத்த சர்க்கரை இறங்குவதை காட்டினார்கள்.

1995-ல் இந்தியர் ஒருவர் இந்த துறையை திரும்பி பார்க்க வைத்தார். மும்பையில் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்துவிட்டு அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த சமீர் மித்ரகோத்ரிதான் அவர். பேராசிரியர்கள் டேனியல் பிளான்க்ஸ்டைன், ராபர்ட் லாங்கர் ஆகியோருடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை புகழ்பெற்ற சயின்ஸ் பத்திரிகையில் வந்தது. வினாடிக்கு 20 ஆயிரம் அதிர்வு என்ற தாழ்ந்த சத்தத்தை கொடுத்தால், இன்சுலின் போன்ற பெரிய புரதங்கள்கூட மனித தோலில் நுழைகின்றன என்று ஆராய்ச்சி கூடத்தில் அவர்கள் காட்டினார்கள்.

அதன் பிறகு வந்த ஒரு கருவி மனிதர்களுக்கும் பயன்பட்டது. 2004-ல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்த சோனோபிரெப் என்ற கருவி அது. ஊசி குத்தும் முன் தோலை மரத்துப்போக வைக்கும் லிடோகெய்ன் களிம்பு சாதாரணமாக வேலை செய்ய ஒரு மணி நேரம் ஆகும். இந்த கருவியை சில வினாடி வைத்துவிட்டு தடவினால் 5 நிமிடத்தில் மரத்துப்போனது. ஆனாலும் அந்த கருவி ஆஸ்பத்திரிகளில் பரவலாக இடம் பிடிக்கவில்லை.

இன்சுலின்? 30 ஆண்டுக்கு மேல் ஆகியும் மீயொலியால் இன்சுலின் ஏற்றும் சிகிச்சை நோயாளிகளின் அன்றாட பயன்பாட்டுக்கு வரவில்லை.

காரணம் சின்னதல்ல. இன்சுலினில் அளவுதான் உயிர். 2 யூனிட் கூடினால் சர்க்கரை கடகடவென்று இறங்கி மயக்கம் வரும். குறைந்தால் சர்க்கரை ஏறும். ஊசியில் 10 யூனிட் என்றால் 10 யூனிட். தோல் வழியே போனால் அந்த கணக்கு கிடையாது. ஒருவரின் தோல் தடிப்பு, இன்னொருவரின் தோல் மெலிவு. வியர்வை, வெயில், வயசு எல்லாம் கணக்கை மாற்றும். தினம் 2 வேளை, 3 வேளை ஒரே இடத்தில் வழி திறந்தால் தோல் புண்ணாகும் கவலையும் உண்டு. கருவியும் சட்டைப்பையில் வைக்கிற மாதிரி சின்னதாக இருக்க வேண்டும்.

நிறுத்தினால் என்ன ஆகும்?

"ஊசி இல்லாமல் இன்சுலின் ஏற்றுகிறோம்", "இந்த மிஷினில் 10 நாள் உட்கார்ந்தால் சர்க்கரை போய்விடும்" என்று யார் சொன்னாலும், நோட்டீஸ் கொடுத்தாலும், போனில் வீடியோ அனுப்பினாலும் நம்பக்கூடாது.

இன்சுலினை நம்பி வாழ்கிறவர் அதை திடீரென்று நிறுத்தினால் ரத்தத்தில் அமிலம் ஏறும். தாகம், அடிக்கடி சிறுநீர், வயிற்று வலி, வாந்தி, வேக வேகமாக மூச்சு, மயக்கம் என்று வரிசையாக வரும். மூச்சில் பழ வாசனை அடிக்கும். அப்படியே விட்டால் உயிர் போகும். சின்ன வயசிலேயே சர்க்கரை வந்த பிள்ளைகளுக்கு இது ஓரிரு நாளிலேயே நடந்துவிடும். இந்த அறிகுறி தெரிந்தால் ஒரு நிமிடம்கூட தாமதிக்காமல் அவசர சிகிச்சை பிரிவுக்கு கொண்டு போக வேண்டும்.

ஊசி பயம் உள்ளவர்களுக்கு வேறு வழி இல்லாமல் இல்லை. இப்போது 4 மில்லி மீட்டர் நீளமே உள்ள மெல்லிய பேனா ஊசிகள் இருக்கின்றன. குத்துவது தெரியாத அளவுக்கு இருக்கும். குத்தும் இடத்தை மாற்றி மாற்றி போட்டால் வலியும் தடிப்பும் குறையும். மூக்கால் அல்ல, வாயால் மூச்சு இழுத்து நுரையீரல் வழியே ஏற்றும் இன்சுலின் பொடிக்கும் இந்தியாவில் 2024-ம் ஆண்டு டிசம்பர் மாதம் அனுமதி கிடைத்தது. ஆனால் அது எல்லோருக்கும் ஆகாது. ஆஸ்துமா போன்ற நுரையீரல் நோய் உள்ளவர்களும், புகை பிடிப்பவர்களும் தொடக்கூடாது. எது என்றாலும் டாக்டர் சொல்லித்தான்.

யார் யாருக்கு கூடாது?

வலிக்கு மீயொலி வைப்பதிலும் சிலருக்கு தடை உண்டு. மிஷினில் உட்காரும் முன் இவற்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்:-

* கர்ப்பிணிகளுக்கு வயிறு, இடுப்பு, கீழ் முதுகு பகுதியில் கூடாது. பிள்ளையை பார்க்கும் ஸ்கேன் மிஷின் வேறு, இது வேறு. ஸ்கேன் அலை படம் எடுக்க மட்டுமே. இது சூடேற்றும் அலை.

* புற்றுநோய் கட்டி உள்ள இடத்தில் கூடாது.

* நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களுக்கு அந்த பகுதியில் கூடாது.

* காலில் ரத்தக்கட்டி அடைப்பு உள்ளவர்களுக்கு அந்த இடத்தில் கூடாது. கட்டி நகர்ந்தால் ஆபத்து.

* கண் மேல், சீழ் பிடித்த புண் மேல் கூடாது.

* வளரும் பிள்ளைகளுக்கு எலும்பு வளரும் நுனிகளில் டாக்டர் ஆலோசனை இல்லாமல் கூடாது.

* வலி மருந்து அலர்ஜி, ஆஸ்பிரின் போட்டால் இழுப்பு வருகிறவர்கள் மருந்து ஜெல் தடவும் முன்பே சொல்ல வேண்டும். தோல் வழியே போனாலும் மருந்து மருந்துதான்.

எல்லாவற்றையும் விட புதுவைக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பல வருடமாக சர்க்கரை உள்ளவர்களுக்கு பாதம் மரத்துப்போயிருக்கும். சூடு தெரியாது. மிஷின் சுட்டாலும் உறைக்காது. கொப்புளம் வந்து, புண்ணாகி, கடைசியில் விரலை எடுக்கும் நிலை வரைக்கும் போகலாம். அதனால் சர்க்கரை இருந்தால் "எனக்கு சுகர் இருக்கு, கால்ல உணர்ச்சி கம்மி" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மரத்துப்போன பாதத்தில் சூடேற்றும் மீயொலி வைக்கக்கூடாது.

ஆன்லைனில் கைக்கு அடக்கமான மிஷின்கள் விற்கப்படுகின்றன. விலை குறைவு என்று வாங்கி வீட்டில் தாங்களே தேய்த்துக்கொள்வது வேண்டாத வேலை. அதில் வரும் அலை எவ்வளவு பலம் என்று வாங்குகிறவருக்கு தெரியாது. சிகிச்சை தருகிறவர் பிசியோதெரபி பட்டம் படித்தவரா என்று கேட்டு தெரிந்துகொள்வதிலும் தப்பில்லை. பிசியோதெரபிஸ்டுகள் உள்ளிட்டோரை முறைப்படுத்த 2021-ம் ஆண்டிலேயே மத்திய அரசு சட்டம் கொண்டுவந்துள்ளது.

அடுத்து என்ன வரும்?

ஆராய்ச்சி நின்றுவிடவில்லை. 2023-ம் ஆண்டு எம்.ஐ.டி. விஞ்ஞானிகள் தோலில் ஒட்டிக்கொள்ளும் மீயொலி பட்டை ஒன்றை செய்து காட்டினார்கள். பன்றி தோலில் சோதித்தபோது, நியாசினமைடு என்ற வைட்டமின் வகை மருந்து சும்மா தடவியதை விட 26 மடங்கு அதிகமாக உள்ளே போனது. ஆனால் அதன் மூலக்கூறு மிக சின்னது. இன்சுலின் போன்ற பெரியதை இப்படி ஏற்ற இன்னும் தூரம் இருக்கிறது.

தோலை தாண்டியும் இந்த சத்தம் போயிருக்கிறது. 2015-ம் ஆண்டு கனடாவின் டொராண்டோ நகரில் உள்ள சன்னிபுரூக் ஆஸ்பத்திரியில், மூளைக்கட்டி நோயாளி ஒருவருக்கு மண்டையை திறக்காமலே மீயொலியை குவித்து, மூளைக்குள் மருந்தை விடாமல் தடுக்கும் ரத்தக்குழாய் அரணை கொஞ்ச நேரம் திறந்து மருந்தை உள்ளே அனுப்பினார்கள். அதிலும் குமிழிதான் சாவி.

ஆக, கேட்காத சத்தத்தால் மருந்தை ஏற்றுவது கட்டுக்கதை அல்ல. வலி ஜெல் வரைக்கும் அது புதுவை கிளினிக்குகளுக்கு வந்துவிட்டது. இன்சுலினுக்கு அது இன்னும் வரவில்லை. என்றைக்காவது வந்தால் அதை முதலில் சொல்லப்போவது உங்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டராக இருக்கும், தெருவில் கொடுக்கும் நோட்டீஸாக இருக்காது.

அதுவரை இன்சுலின் ஊசியை வேளை தவறாமல் போட்டுக்கொள்வதே புத்திசாலித்தனம் என்பது டாக்டர்களின் அறிவுரை.